ஊர்கூட்டிப் பொத்தான்

அந்தக் காபி மெஷின் காசு வாங்கிட்டு வெறும் கப்ப மட்டும் தள்ளுது, நர்ஸ் அக்கா. யார்கிட்டயாவது சொல்லி வைங்க. வெளிய உக்காந்திருக்கறவங்க எல்லாம் அத நம்பித்தான் எந்திரிச்சுப் போறாங்க, வெறுங்கையோட திரும்பி வராங்க.

நான் வீட்டுக்குப் போகல. மாமா கூப்பிட்டார், நான்தான் மாட்டேன்னுட்டேன். அவர் கீழ வேன்ல சீட்டச் சாச்சுப் படுத்திருக்கார். எனக்கு அம்மாவ ஒரு தடவ பாக்கணும். காலையில ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி, ஒரே ஒரு தடவ. நீங்க என்னடான்னா வார்டு கதவ அடைச்ச மாதிரி நாற்காலியப் போட்டு உக்காந்திருக்கீங்க. உங்க வேல அது, தப்பு சொல்லல. ஆனா நடந்தத முழுசாக் கேட்டா நீங்களே எந்திரிச்சு வழி விடுவீங்கன்னு தோணுது. அதனாலதான் சொல்றேன். வேற யார்கிட்டயும் சொன்னதில்ல. பயமாத்தான் இருக்கு, பொய் சொல்லி என்ன.

அம்மா குழாய் ஆர்கன் வாசிக்கறவங்க. அவங்களே எழுதின இசையத்தான் பெரும்பாலும் வாசிப்பாங்க. படத்துல பேய் பங்களாக்குள்ள மெழுகுவத்தி ஏத்தி வெச்சு ஒருத்தன் வாசிப்பானே, அந்த வாத்தியம். மாமா எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லுவார். "எங்க அக்கா பேய்ங்களுக்குப் பாட்டு டீச்சர்"னு. அம்மா சிரிக்க மாட்டாங்க. "உனக்கும் சேத்துத்தாண்டா சொல்லிக் குடுக்கறேன், நீ எங்க உருப்பட்டே"ம்பாங்க.

உங்களுக்குப் புரியணும்னா அது எப்படி இருக்கும்னு கொஞ்சம் சொல்லணும். அம்மா வாசிக்கற மண்டபத்து மேடையில ஆர்மோனியம் மாதிரிக் கட்டைங்க மட்டும்தான் தெரியும். அதுக்குப் பின்னாடி ரெண்டு மாடி உசரத்துக்கு ஒரு மர அறை. உள்ள முழுக்கக் குழாய். சிலது தெருவிளக்குக் கம்பம் மாதிரி இருக்கும், சிலது பென்சில விடச் சின்னது. கட்டைங்களுக்கு ரெண்டு பக்கமும் வரிசையாக் குமிழ் இருக்கும். ஒரு குமிழ இழுத்தா ஒரு வரிசைக் குழாய் பேசும், தள்ளினா வாய மூடிக்கும். வாசிக்கறவங்களுக்கு ரெண்டு கையும் ரெண்டு காலும் வேலையா இருக்கும். அதனால பக்கத்துல ஒரு ஆள் நின்னு குமிழ இழுக்கணும், தள்ளணும், பக்கமும் புரட்டணும். பன்னெண்டு வயசுலேர்ந்து அந்த ஆள் நான்தான். "இவ என் மூணாவது கை"ன்னு அம்மா எல்லார்கிட்டயும் சொல்லுவாங்க.

காலடியில பித்தளையில ஒரு பொத்தான் உண்டு. அத மிதிச்சா குமிழ் எல்லாம் ஒண்ணாத் தொறந்துக்கும். அம்மா அதுக்கு வெச்ச பேரு ஊர்கூட்டி. அத மிதிச்சுட்டு ஒரு கட்டையத் தொட்டாக்கூட மண்டபத்து நாற்காலி எல்லாம் அதிரும். அம்மாவுக்கு அது பிடிக்காது. "ஒண்ணும் சொல்றதுக்கு இல்லாதவன்தான் அத மிதிப்பான்"ம்பாங்க.

அப்பா எங்களோட இல்ல. அவர் போனதுக்கு அப்புறம் நாங்க வீடு மேல வீடா மாறினோம். ஒவ்வொரு வீட்டுலயும் பாத்திரப் பெட்டியப் பிரிக்கறதுக்கு முன்னாடி அம்மா மேசையப் போட்டு எழுத உக்காந்துடுவாங்க. நான் பெட்டி மேலயே உக்காந்து சாப்பிடுவேன். அப்படி எழுதினதுதான் "வீடு மாறுதல்". கொஞ்சம் நீளமானது. கடைசிப் பகுதியில எல்லா வரிசையும் ஒண்ணொண்ணா வாய மூடிக்கிட்டு, ஒரே ஒரு மரக்குழாய் வரிசை மட்டும் மெதுவாப் பேசி முடியணும்.

அதுக்கு முன்னாடி அம்மாவப் பத்தி யாரும் பெரிசா எழுதினதில்ல. எங்க மண்டபத்துக்கு வர்ற விமர்சகர் ஒருத்தர் இருக்கார். எல்லாரும் கை தட்டும்போது அவர் தட்ட மாட்டார், கண்ணாடியக் கழட்டித் தொடைச்சுக்கிட்டு இருப்பார். நாங்க கண்ணாடிக்காரர்னுதான் சொல்லுவோம். அவர் அம்மாவப் பத்தி எழுதினா ஒரே வார்த்தைதான் வரும். கச்சிதம். "கச்சிதமான வாசிப்பு." "வழக்கம்போல் கச்சிதம்." அம்மா பேப்பர மடிச்சு வெச்சுட்டு, "கச்சிதம்னு தையக்காரரச் சொல்லலாம். பொணப்பெட்டி செய்யறவரச் சொல்லலாம்"னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போவாங்க. அன்னிக்கு ராத்திரி சமையல் இருக்காது. மறுநாளும் இருக்காது. சுவத்தப் பாத்துப் படுத்தா படுத்ததுதான். நான் பக்கத்துல போய் உக்காந்தா, "போய்ப் படி"ம்பாங்க. கோவமெல்லாம் இல்ல. நான் அங்க இருக்கறதே அவங்களுக்குத் தெரியாத மாதிரி இருக்கும். கோவம் இருந்தாக்கூடப் பரவாயில்லன்னு தோணும் எனக்கு.

"வீடு மாறுதல்" முதல் தடவ வாசிக்கப்போற அன்னிக்கு மத்தியானம் சுருதி சேத்தோம். குழாய்ல ரெண்டு விதம் இருக்கு. ஒரு விதம் புல்லாங்குழல் மாதிரி. இன்னொண்ணுக்கு அடியில பித்தளையில நாக்கு இருக்கும், எக்காளம் மாதிரிக் கத்தும். வெயில், குளிர் மாறினா ரெண்டும் ஒத்துப்போகாது. அதனால ஒவ்வொரு கச்சேரிக்கு முன்னாடியும் நாக்குக்குழாய் எல்லாத்தையும் சரி பண்ணணும். அதுக்குன்னு ஆள் இருக்காங்க, ஆனா வேற யார் செஞ்சாலும் அம்மாவுக்கு மனசு ஒப்பாது. சின்னக் கதவு வழியா உள்ள போய், ஏணி ஏறி, குழாய்ங்களுக்கு நடுவுல ஒரு பலகை மேல நிப்பாங்க. தோள் அகலம்கூட இருக்காது அந்தப் பலகை. தல நேரா குழாய் வாய்கிட்ட இருக்கும். காதுக்கு ஒரு செவப்பு மூடி உண்டு, ரோடு தோண்டறவங்க போட்டுக்குவாங்களே, அது. ஆனா நாக்கத் திருத்தும்போது ரெண்டு சத்தத்துக்கு நடுவுல ஒரு அலை ஓடும், அது மெதுவாகி மெதுவாகி நிக்கறதக் காதால பிடிக்கணும். மூடி போட்டா கேக்காது. அதனால அந்த நேரம் மட்டும் மூடியக் கழுத்துல எறக்கி விட்டுடுவாங்க.

வெளிய நான் ஒரு குமிழ மட்டும் இழுத்து, ஒரு கட்டைய மட்டும் பிடிச்சுக்கிட்டு இருப்பேன். உள்ள இருந்து மரத்துல ஒரு தட்டு தட்டினா அடுத்த கட்டை. இந்த வேலைக்கு ஒரே ஒரு விதிதான். வேற எதையும் தொடக்கூடாது. "தும்மல் வந்தாக்கூட எந்திரிச்சுப் போய்த் தும்மு. உள்ள இருக்கறவங்க காது உன் கையில இருக்கு"ன்னு அம்மா முதல் நாளே சொல்லிட்டாங்க.

அன்னிக்கு என் ஸ்கூல் பை பெஞ்சு ஓரத்துல இருந்துச்சு. சரிஞ்சுது. பிடிக்கப் போனேன். பை நேரா ஊர்கூட்டி மேல போய் விழுந்துச்சு, என் முழங்கை கட்டைங்க மேல. இது சத்தியமா தெரியாம நடந்தது, அக்கா. நான் சொல்லப்போறதுல இந்த ஒண்ணுதான் அப்படி. அதனால இத நீங்க நம்பணும்.

அம்மா வெளிய வந்து எடது காதப் பொத்திக்கிட்டுப் படியில உக்காந்துட்டாங்க. நான் அழுதேன். "ஏண்டி, சொத்து ஏதாவது எழுதி வெச்சிருக்கேன்னு யாராவது சொன்னாங்களா"ன்னு கேட்டாங்க. மாமா, "மண்டபத்துப் புறா எல்லாம் பக்கத்து ஊருக்குக் குடி போயிடுச்சு"ன்னார். எல்லாரும் சிரிச்சோம். அம்மா மட்டும் கொஞ்சம் லேட்டாச் சிரிச்சாங்க, எங்க வாயப் பாத்துட்டு.

கச்சேரியில எனக்குக் கை கால் ஓடல. கடைசிப் பகுதியில ஒண்ணொண்ணாத் தள்ளிக்கிட்டே வந்தவ, ஒரு குமிழ மறந்துட்டேன். இருக்கறதுலயே சின்னக் குழாய்ங்களோட வரிசை அது. ஊசி மாதிரிச் சத்தம். மரக்குழாய் மெதுவாப் பேச, அதுக்கு ரொம்ப மேல அந்த ஊசிச் சத்தம் கூடவே வந்துக்கிட்டு இருந்துச்சு. எனக்குக் கேட்டுச்சு. இப்பத் திரும்பிப் பாத்து மொறைப்பாங்க, இப்ப மொறைப்பாங்கன்னு நின்னேன். அம்மா திரும்பவே இல்ல. அவங்களுக்கு அது கேக்கல.

கண்ணாடிக்காரர் எழுதினத நான் மனப்பாடமாச் சொல்லுவேன். "எல்லாக் குரல்களும் விடைபெற்றுச் சென்ற பின்னும், காலி வீட்டில் யாரோ அணைக்க மறந்த விளக்கைப் போல் அந்த உச்சக்குரல் எரிந்துகொண்டே இருந்தது. நம் காலத்தின் மிகத் துணிச்சலான செவி இவருடையது."

அம்மா அத நின்னுக்கிட்டே படிச்சாங்க. அப்புறம் உக்காந்து படிச்சாங்க. "எந்த உச்சக்குரல்"னு என்னைக் கேட்டாங்க. நான் உண்மையச் சொன்னேன். மறந்துட்டேன்மா, தள்ள மறந்துட்டேன்னு. அம்மா பேப்பர மடிச்சு வெச்சாங்க. அப்புறம் என் தலையில கை வெச்சு, "யார்கிட்டயும் சொல்லாத"ன்னாங்க. அன்னிக்கு ராத்திரி சமைச்சாங்க. ரெண்டு பேரும் ஒரே தட்டுல சாப்பிட்டோம். எனக்கு அதெல்லாம் பழக்கமே இல்ல.

காது உடனே சரியாகல. மெல்லிசா உச்சத்துல வர்ற சத்தம் எதுவும் கேக்கலன்னாங்க. குக்கர் விசில் கேக்கல, காலிங்பெல் கேக்கல. நான் போய்த் தோளத் தொட்டுச் சொல்லுவேன். அடுத்த கச்சேரியில குமிழ் விஷயத்த என்கிட்டயே விட்டுட்டாங்க. "உனக்கு எது சரின்னு படுதோ செய்"ன்னாங்க. செஞ்சேன். ஒண்ணோட ஒண்ணு சேரவே கூடாத வரிசைங்களச் சேத்து இழுத்தேன். கண்ணாடிக்காரர் இந்தத் தடவ ஒரு பக்கம் எழுதினார். வெளியூர்ல இருந்து வேற பேப்பர்க்காரங்க வந்தாங்க. "அழகைப் பற்றிக் கவலைப்படாத அழகு"ன்னு ஒருத்தர் எழுதினார். அம்மாவுக்குப் புதுசா ஒரு நடை வந்துச்சு, அக்கா. கடைக்குப் போனாக்கூடத் தல நிமிந்து இருக்கும். ராத்திரியில என் பக்கத்துல படுத்து, "அந்த நடுப் பகுதியில என்ன இழுத்தே, சொல்லு"ன்னு கேப்பாங்க. நான் அவங்க உள்ளங்கையில விரலால தட்டித் தட்டிச் சொல்லுவேன். மாமா பாத்துட்டு, "மூணாவது கைக்கு மூணாவது காது போஸ்டும் சேத்துக் குடுத்தாச்சா, சம்பளம் ஒண்ணா ரெண்டா"ன்னார்.

அப்புறம் காது சரியாயிடுச்சு.

எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க. நானும்தான். ஆனா ஒத்திகையில முதல் நாளே அம்மா கைய நிறுத்திட்டாங்க. "என்ன கருமம் இது, பல் கூசுது. தள்ளு"ன்னாங்க. நான், இதத்தாம்மா அவங்க பாராட்டினாங்கன்னேன். "அவங்க ஆயிரம் எழுதட்டும். என் காதுக்குன்னு ஒண்ணு இருக்கில்ல. தள்ளு." தள்ளினேன். எல்லாம் பழையபடி சுத்தமா, ஒழுங்கா ஆச்சு. அந்தக் கச்சேரிக்குக் கண்ணாடிக்காரர் எழுதினது சின்னதா, ஓரத்துல வந்துச்சு. "அழகாகவே இருந்தது. ஆனால் அந்தத் துணிவு எங்கே போயிற்று? கச்சிதத்திற்குத் திரும்பிவிட்டார்."

அம்மா படுத்துட்டாங்க. எப்பவும் போல இல்ல, அதுக்கும் மேல. குளிக்கல. நான் தட்டு கொண்டுபோய் வெச்சா அப்படியே ஆறிப்போய்க் கிடக்கும். "என்கிட்ட ஒண்ணுமே இல்ல, தெரியுமா. அதெல்லாம் உன் கை தவறினது"ன்னு சுவத்தப் பாத்துச் சொன்னாங்க. எத்தனையோ தடவ "அம்மா"ன்னு கூப்பிட்டேன். காது நல்லாத்தான் கேட்டுச்சு. திரும்பல.

நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? பதில் வேணாம். நான் நிதானமா யோசிச்சேன்னு சொல்ல வந்தேன். கோவத்துல பண்ணேன்னு யாரும் நினைக்கக்கூடாது. ஒரு பக்கம் அம்மாவோட காது. இன்னொரு பக்கம் அம்மா. ரெண்டுல எது வேணும்னு கேட்டா யாராயிருந்தாலும் அம்மாதான் வேணும்னு சொல்லுவாங்க.

அடுத்த தடவ சுருதி சேக்கும்போது பைய நானே கீழ எடுத்து வெச்சேன். உள்ள அம்மா மூடியக் கழுத்துல எறக்கறது பலகை இடுக்கு வழியாத் தெரிஞ்சுது. கொஞ்சம் பொறுத்தேன், அந்த அலை நிக்கட்டும்னு. வேலையப் பாதியில கெடுக்க மனசு வரல. அப்புறம் ஊர்கூட்டிய மிதிச்சு ரெண்டு கையையும் விரிச்சுக் கட்டைங்க மேல படுத்தேன். முதல் தடவைய விடக் கொஞ்சம் கூடுதல் நேரம். பை மறுபடியும் விழுந்துடுச்சும்மான்னு சொன்னேன். மாமா பைய எட்டி ஒதைச்சார். "இந்தப் பைய முதல்ல எரிக்கணும்"னார். அம்மா ரெண்டு காதையும் பிடிச்சுக்கிட்டுத் தரையப் பாத்துக்கிட்டு இருந்தாங்க.

பாராட்டு வந்துச்சு. வரும்னு எனக்குத் தெரியும். "இவர் நமக்குக் கேட்காதவற்றைக் கேட்கிறார்"னு எழுதினார் கண்ணாடிக்காரர். பெரிய மண்டபத்துல இருந்து கூப்பிட்டாங்க. ஒலித்தட்டு போடறோம்னாங்க. அம்மா எந்திரிச்சுட்டாங்க, குளிச்சாங்க, புதுசா எழுத ஆரம்பிச்சாங்க. காதுக்குள்ள எந்நேரமும் ஒரு இரைச்சல், தூக்கம் வரலன்னு சொல்லுவாங்க. நான் தலையப் பிடிச்சு விட்டுக்கிட்டே உக்காந்திருப்பேன், விடியற வரைக்கும்கூட. போன் வந்தா நான்தான் பேசுவேன். கடைக்காரர் என்ன சொன்னார், மேனேஜர் என்ன சொன்னார், எல்லாம் நான் சொன்னாத்தான் தெரியும். யாராவது அம்மாவுக்குப் பிடிக்காத மாதிரிப் பேசினா அத விட்டுடுவேன். அவங்க மனசு நோகக்கூடாதில்ல. என் வாழ்க்கையிலயே ரொம்ப நல்லா இருந்தது அந்த நாளுங்கதான்.

நீங்க ஏன் நாற்காலியத் தள்ளிப் போட்டுக்கறீங்க. நான் உங்கள ஒண்ணும் பண்ண மாட்டேன். நான் அப்படிப்பட்ட பொண்ணு இல்ல. க்ளாஸ்ல எல்லாரையும் கேட்டுப் பாருங்க.

மாமாதான் காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனார். எனக்கு அன்னிக்குப் பரீட்சை, இல்லன்னா நானும் போயிருப்பேன். வலது காதுக்குப் பின்னாடி மாட்டற மாதிரி ஒரு மெஷின் குடுத்தாங்க. அம்மா அத மாட்டிக்கிட்டு, ஒலித்தட்டுக்குன்னு பதிவு பண்ணினத முழுசாப் போட்டுக் கேட்டாங்க. நான் கதவோரம் நின்னேன். முடிஞ்சதும் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்துல உக்கார வெச்சாங்க.

"நல்லாத்தான் இருக்கு"ன்னாங்க. "ஆனா இது நான் இல்லடி. நீ."

நான் இல்லம்மான்னேன்.

"கண்ணாடிக்காரர்கிட்ட சொல்லிடப் போறேன். உன் பேரையும் சேத்துத்தான் போடணும். இன்னொண்ணு. நீ இங்க நின்னுக்கிட்டுக் குமிழ் இழுத்துக்கிட்டு இருக்கக்கூடாது. வெளியூர்ல எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க, முறையாச் சேத்து விடறேன். எனக்கு இந்த மெஷின் போதும். மண்டபத்துலயே ஒரு பொண்ணு சும்மா இருக்கா, அவளப் பழக்கிக்கறேன்."

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. எனக்கு ஏதோ பெரிய பரிசு குடுக்கற மாதிரி.

நான் சொல்றதக் கவனமாக் கேளுங்க, அக்கா. அம்மா போய் அவர்கிட்ட அப்படிச் சொன்னா என்ன ஆகும்? இத்தன பாராட்டும் பொய்னு ஆயிடும். ஊரே சிரிக்கும். மறுபடி சுவத்தப் பாத்துப் படுத்துடுவாங்க, அப்ப யார் பக்கத்துல இருப்பா? மண்டபத்துப் பொண்ணா? அவளுக்கு அம்மாவோட தலைய எந்தப் பக்கம் அழுத்தினா இரைச்சல் கொறையும்னு தெரியுமா? அம்மா பேரக் காப்பாத்தறதுக்குத்தான் நான் அதப் பண்ணேன். என் பேரு வரணும்னு நான் நினைச்சதே இல்ல. இத யார் கேட்டாலும் சொல்லுவேன்.

நேத்து மத்தியானம். அம்மா மெஷினக் கழட்டி மேடையில என்கிட்டக் குடுத்துட்டு, மூடியப் போட்டுக்கிட்டு உள்ள போனாங்க. மிச்சம் இருந்த காத வெச்சே சுருதி சேக்க முடியுதான்னு பாக்கறேன்னாங்க. ஏணி ஏறி, பலகையில நின்னு, மூடிய எறக்கினாங்க. தலையக் குழாய்க்குக் கிட்டக் கொண்டு போனாங்க. முன்ன விடக் கிட்ட. கேக்கலன்னா அப்படித்தானே செய்வாங்க.

நான் மிதிச்சேன்.

இடுக்கு வழியா அம்மா என்னைப் பாத்தாங்க. முகம் தெரிஞ்சுது. நானும் பாத்தேன். கைய எடுக்கல. எடுத்திருந்தா பாதியில நின்ன மாதிரி ஆயிருக்கும், அதுக்கு அர்த்தமே இருந்திருக்காது. அம்மா விழுந்த சத்தம் எனக்குக் கேக்கல. அவ்வளவு பெரிய சத்தத்துல எப்படிக் கேக்கும். கை வலிச்சப்பத்தான் எடுத்தேன். அப்புறம் ரொம்ப அமைதியா இருந்துச்சு. குழாய்ங்களுக்குக் காத்து அனுப்பற மோட்டார் மட்டும் கீழ ஓடிக்கிட்டு இருந்துச்சு.

மாமா ஓடி வந்தார். பெஞ்சச் சுத்திச் சுத்திப் பாத்தார், பை எங்கன்னு. பை வேன்ல இருந்துச்சு. அவரே காலையில அதப் பின் சீட்டுல தூக்கிப் போட்டிருந்தார். அவர் என்னைப் பாத்தார். ஆம்புலன்ஸ்ல அம்மாவுக்கு நெனவு இருந்துச்சு. எப்படி விழுந்தீங்கன்னு ஒருத்தர் எழுதிக் காட்டினார். "பை விழுந்துடுச்சு. கொழந்த பை"ன்னாங்க அம்மா. மாமா முகத்த ஜன்னல் பக்கம் திருப்பிக்கிட்டார்.

அத நான் ரொம்ப யோசிச்சேன். அம்மா என்னைப் பாத்தாங்க, ஆனாலும் அப்படிச் சொன்னாங்க. அப்படின்னா என்ன அர்த்தம்? அவங்களுக்குப் புரிஞ்சிருக்கு. சம்மதம்னுதானே அர்த்தம்.

கண்ணாடிக்காரர் சாயந்தரம் இங்க வந்திருந்தார், நீங்க பாத்திருப்பீங்க, அந்த நீலச் சட்டை. அழுதுட்டார். இப்பதான் கொஞ்சம் முன்னாடி எழுதி வெளியிட்டிருக்கார். போன்ல இருக்கு, ரெண்டு வரி மட்டும் படிக்கறேன். "இசைக்காகத் தன் செவியையே கொடுத்தவர் என்று இனி இவரை மட்டுமே சொல்ல முடியும். இவரைப் பற்றி இதுவரை எழுதப்பட்ட நம் பாராட்டுகள் எல்லாம் சிறியவை." அம்மாவப் பத்தி இவ்வளவு பெரிசா யாரும் எழுதினதில்ல. இத அம்மாவுக்குக் காட்டணும். படிச்சுச் சொன்னா கேக்காது, நான் கையில தட்டித்தான் சொல்லணும். வேற யாருக்கும் அந்தத் தட்டு தெரியாது.

இடுப்பெலும்பு கூடிடும்னு டாக்டர் சொன்னார். காது கூடாதுன்னார். வலது பக்கம் மட்டும் மெஷின் வெச்சா ஏதாவது கேக்கலாம், பாக்கலாம்னார். அந்த மெஷின் என்கிட்டதான் இருந்துச்சு. மேடையில எங்கயோ விழுந்துடுச்சுன்னு மாமாகிட்ட சொல்லியிருக்கேன். நீங்களும் அத யார்கிட்டயும் கேக்க வேணாம். அரைகொறையாக் கேட்டா இன்னும் கஷ்டம், அக்கா. யாரோ பேசறாங்கன்னு தெரியும், என்னன்னு தெரியாது. அதுக்கு மொத்தமா ஒருத்தர நம்பிடறது எவ்வளவோ மேல்.

இப்ப கதவத் தொறங்க.

நீங்க சாயந்தரம் சொன்னதையே மறுபடி சொல்றீங்க. யார வேணும்னாலும் உள்ள விடுங்க, என் பொண்ண மட்டும் விடாதீங்கன்னு அம்மா உங்க கையப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்கன்னு. நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லல. அம்மா நேத்துத்தான் உங்களுக்குப் பழக்கம், நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க. நான் உள்ள போய்க் கேட்டுட்டு வந்து, அவங்க நெஜமா என்ன சொல்றாங்கன்னு உங்களுக்குச் சொல்றேன்.